லித்தியம் மெட்டல்ல எலக்ட்ரோலைட் சால்வென்ட் ஏன் உடையுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லித்தியம் மெட்டல் பேட்டரி பத்திப் படிக்க ஆரம்பிக்கிறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே இதே கேள்விகள்லதான் வந்து நிக்குறாங்க, அதனால ஒரே இடத்துல சேர்த்து எழுதிட்டேன். ஸ்கூல் கெமிஸ்ட்ரி ஞாபகம் இருந்தா போதும். எலக்ட்ரோலைட்னா பேட்டரிக்குள்ள லித்தியம் அயனியைக் கொண்டு போற கரைசல், அதுல லித்தியம் உப்பைக் கரைச்சு வச்சிருக்குற திரவம்தான் சால்வென்ட். என்னோட கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்: சால்வென்ட் உடையுறதை முழுசா நிறுத்த முடியாது, உடைஞ்சு என்ன மிஞ்சுது, மிஞ்சினது அங்கேயே நிக்குதா, இந்த ரெண்டுலதான் பேட்டரியோட ஆயுசே இருக்கு.

சால்வென்ட் ஏன் உடையணும்? சார்ஜ் கூட பண்ணலையே?

சார்ஜ் பண்ணவே வேணாம், தொட்டாலே போதும். எலக்ட்ரானை விட்டுக்கொடுக்குறதுல லித்தியத்தை மிஞ்ச ஆள் இல்ல, ஹைட்ரஜன் எலக்ட்ரோடை வச்சுப் பாத்தா அதோட பொட்டன்ஷியல் மைனஸ் 3.04 வோல்ட். அதுமேல கார்பனேட் மாதிரி ஒரு ஆர்கானிக் திரவத்தை ஊத்துனா மெட்டல்ல இருந்து எலக்ட்ரான் நேரா அந்த மூலக்கூறுக்குத் தாவும், அது தாங்காம ஏதாவது ஒரு பாண்டு அறுந்துடும். எத்திலீன் கார்பனேட்டையே எடுத்துக்கோங்க, லித்தியத்தை 0 வோல்ட்னு வச்சா, கிராஃபைட் மேல அது 0.8 வோல்ட் பக்கத்துலயே ரிடக்ஷன் ஆக ஆரம்பிச்சுடுது. அப்போ லித்தியம் மெட்டல் மேல அது தப்பிக்க வழியே இல்ல.

இவ்ளோ தொல்லை இருந்தும் ஏன் லித்தியம் மெட்டலை விட மாட்டேங்குறாங்கன்னா, ஒரு கிராமுக்கு 3860 மில்லி ஆம்பியர் மணி கிடைக்குது, கிராஃபைட்ல 372 தான்.

உடைஞ்சுகிட்டே இருந்தா எலக்ட்ரோலைட் காலியாகிடாதா? பேட்டரி எப்படி ஓடுது?

உடைஞ்ச துண்டுகள்ல நிறைய திரவத்துல கரையாத லித்தியம் உப்புகள். அது மெட்டல் மேலயே படிஞ்சு ஒரு படலமா ஆகிடும். அந்தப் படலம் எலக்ட்ரானை விடாது, லித்தியம் அயனியை மட்டும் விடும். எலக்ட்ரான் வெளிய வர முடியலைன்னா அடுத்த சால்வென்ட் மூலக்கூறு உடையுறதும் நின்னுடும். 1979ல இமானுவேல் பெலெட் இதுக்கு சாலிட் எலக்ட்ரோலைட் இன்டர்ஃபேஸ்னு பேர் வச்சார், எல்லாரும் எஸ்இஐன்னு சொல்றது அதைத்தான். பேர் வர்றதுக்கு முன்னாடியே விஷயம் தெரிஞ்சதுதான், 1958ல அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல வில்லியம் ஹாரிஸ் தன்னோட ஆராய்ச்சியில ப்ரொப்பிலீன் கார்பனேட் மாதிரி வளைய எஸ்டர்கள்ல இருந்து லித்தியத்தை படிய வச்சுக் காட்டினார். ஒரு பாதுகாப்புப் படலம் இல்லாம அது நடந்திருக்கவே நடந்திருக்காது.

எஸ்இஐ தடிமன் சாதாரணமா சில பத்து நானோமீட்டர். மெட்டலை ஒட்டின உள் பக்கம் லித்தியம் ஆக்சைடு, லித்தியம் கார்பனேட், லித்தியம் ஃப்ளூரைடு மாதிரி கனிமப் பொருட்கள் அதிகம், ஏன்னா அங்க எலக்ட்ரான் தாராளமா கிடைக்கும், எல்லாம் கடைசி வரைக்கும் உடையும். வெளிப் பக்கம் அரைகுறையா உடைஞ்ச ஆர்கானிக் சமாச்சாரம், ஆல்கைல் கார்பனேட்டுகள், பாலிமர் துண்டுகள். அடுக்கு அடுக்கா இருக்கா, மொசைக் மாதிரி கலந்து கிடக்கான்னு ரொம்ப நாளா வாக்குவாதம் நடக்குது. எலக்ட்ரோலைட் மாறினா ரெண்டுமே பாக்கக் கிடைக்குதுன்னுதான் நான் எடுத்துக்குறேன்.

எத்திலீன் கார்பனேட் உடையும்போது உள்ள என்னதான் நடக்குது? படிப்படியா சொல்லுங்க.

இதைக் கிட்டப் போய்ப் பாக்குறது நல்லது, மத்த கார்பனேட்டுகளும் கிட்டத்தட்ட இதே வழியிலதான் போகும்.

எத்திலீன் கார்பனேட்டை சுருக்கமா ஈசின்னு சொல்வாங்க, அது ஒரு அஞ்சு அணு வளையம். மூணு கார்பன், ரெண்டு ஆக்சிஜன், அதுபோக ஒரு கார்பன் மேல வளையத்துக்கு வெளிய நீட்டிட்டு நிக்குற மூணாவது ஆக்சிஜன். லித்தியம் அயனி அந்த வெளிய நீட்டின ஆக்சிஜனைத்தான் பிடிச்சுக்கும். அயனி பிடிச்சதும் மூலக்கூறுல இருக்குற எலக்ட்ரான் அடர்த்தி அந்தப் பக்கம் இழுபட்டுப் போகும், அதனால சும்மா இருக்குற ஈசியை விட அயனியோட ஒட்டின ஈசி எலக்ட்ரானை சுலபமா வாங்கிக்கும். எலக்ட்ரான் வந்து இறங்குனதும் வளையத்துல எத்திலீன் பக்கம் இருக்குற ஒரு கார்பன் ஆக்சிஜன் பாண்டு அறும், வளையம் திறந்து ஒரு ராடிகல் அயனியா, அதாவது ஜோடி இல்லாத எலக்ட்ரானோட நிக்கும். இது ரொம்ப நேரம் சும்மா நிக்காது. இப்படிப்பட்ட ரெண்டு ராடிகல் ஒண்ணோட ஒண்ணு மோதினா லித்தியம் எத்திலீன் டைகார்பனேட் வரும், கூடவே எத்திலீன் வாயு வெளிய போகும். மோதுறதுக்கு முன்னாடி ரெண்டாவது எலக்ட்ரான் வந்துட்டா லித்தியம் கார்பனேட்டும் எத்திலீனும். பாண்டு வேற இடத்துல, அதாவது கார்பனைல் கார்பன் (வெளிய நீட்டின ஆக்சிஜன் ஒட்டியிருக்குற கார்பன்) பக்கமா அறுந்தா கார்பன் மோனாக்சைடு வெளியேறி லித்தியம் ஆல்காக்சைடு மிஞ்சும்.

ஒரு சுவாரசியமான விஷயம். பல வருஷமா டைகார்பனேட்தான் முக்கியமான பொருள்னு எல்லாரும் எழுதிட்டிருந்தாங்க. 2019ல மேரிலாண்ட் பல்கலைக்கழகக் குழு சுத்தமான பொருட்களைத் தனித்தனியா தயாரிச்சு ஒப்பிட்டுப் பாத்து, நிறைய இடத்துல நாம டைகார்பனேட்னு நினைச்சது உண்மையில லித்தியம் எத்திலீன் மோனோகார்பனேட்னு சொன்னாங்க. டைகார்பனேட் ஈரம் பட்டா லித்தியம் கார்பனேட்டா மாறிடும், அதனால சாம்பிளைக் காத்துல கொஞ்ச நேரம் காட்டினாக்கூட முடிவே வேற மாதிரி வரும். படிக்கும்போது சாம்பிளை எப்படிக் கையாண்டாங்கன்னு முதல்ல பாருங்க, அப்புறம் கிராஃபைப் பாருங்க.

டைமெத்தில் கார்பனேட், டைஎத்தில் கார்பனேட் எல்லாம்?

வளையம் இல்லாத இந்தக் கார்பனேட்டுகளும் உடையும், லித்தியம் மெத்தில் கார்பனேட், லித்தியம் எத்தில் கார்பனேட், ஆல்காக்சைடுகள் மிஞ்சும், மீத்தேன், ஈத்தேன், கார்பன் மோனாக்சைடு மாதிரி வாயுக்கள் வரும். பிரச்சனை என்னன்னா இந்தத் துண்டுகள்ல பல எலக்ட்ரோலைட்ல கொஞ்சம் கரையும், படலம் இறுக்கமா நிக்காது. பாகுத்தன்மையைக் குறைக்கத்தான் இதுகளைச் சேர்க்குறாங்க, நல்ல படலத்தை இதுகள்கிட்ட எதிர்பாக்க முடியாது.

அதே எலக்ட்ரோலைட் கிராஃபைட்ல ஆயிரம் சைக்கிள் ஓடுதே, லித்தியம் மெட்டல்ல ஏன் சொதப்புது?

எல்லாக் கேள்வியிலயும் இதுதான் முக்கியமானது.

கிராஃபைட்ல லித்தியம் அடுக்குகளுக்கு நடுவுல போய் உக்காருது, கிராஃபைட் ஒரு 10 சதவீதம் அளவுக்குத்தான் உப்பும். மேல இருக்குற படலம் அந்த அசைவைத் தாங்கிடும், முதல் சில சைக்கிள்ல உருவானது அப்படியே நிக்கும். லித்தியம் மெட்டல்ல உக்கார இடம்னு ஒண்ணே கிடையாது, சார்ஜ் பண்ணும்போது மெட்டல் புதுசா வளருது, டிஸ்சார்ஜ்ல கரைஞ்சு போகுது. ஒரு சதுர சென்டிமீட்டர்ல 1 மில்லி ஆம்பியர் மணிக்கு கிட்டத்தட்ட 4.85 மைக்ரோமீட்டர் லித்தியம். 4 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கு செல் கட்டினா, ஒவ்வொரு சைக்கிளும் மேற்பரப்பு 20 மைக்ரோமீட்டர் மேல போய்க் கீழ வருது, ஆனா படலம் 20 நானோமீட்டர், ஆயிரத்துல ஒரு பங்கு. அது கிழியாம எப்படி இருக்கும்? கிழிஞ்ச இடத்துல பச்சையான லித்தியம் தெரியும், சால்வென்ட் அங்க பாயும், மறுபடி உடையும், மறுபடி படலம், இதுல லித்தியமும் போகுது சால்வென்ட்டும் போகுது. அதோட கிழிஞ்ச இடத்துல தடை கம்மிங்குறதால அடுத்த சார்ஜ்ல லித்தியம் அங்கேயே வந்து குவியும், ஊசி மாதிரி பாசி மாதிரி வளரும், பரப்பளவு பல மடங்கு கூடும், பரப்பளவு கூடினா உடையுற சால்வென்ட்டும் கூடும். ஒண்ணு இன்னொண்ணை வளர்த்துவிடுற சுழல் இது.

இந்தப் பாசி வேர்ப் பக்கம் முதல்ல கரைஞ்சுட்டா மேல் பாகம் மின் தொடர்பு இல்லாம தனியா தொங்கும், அதைத்தான் டெட் லித்தியம்னு சொல்றாங்க. 2019ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாகத்துல ஷெர்லி மெங் குழு ஒரு நல்ல வேலை பண்ணாங்க. மிஞ்சினதுல தண்ணியை விட்டா மெட்டல் லித்தியம் மட்டும்தான் ஹைட்ரஜன் கொடுக்கும், எஸ்இஐல இருக்குற லித்தியம் கொடுக்காது, அந்த ஹைட்ரஜனை அளந்து ரெண்டையும் தனித்தனியா கணக்குப் போட்டாங்க. கூலாம்பிக் எஃபிஷியன்சி (சார்ஜ்ல படிஞ்ச லித்தியத்துல டிஸ்சார்ஜ்ல திரும்பக் கிடைக்குற பங்கு) குறைஞ்ச செல்கள்ல தொலைஞ்ச லித்தியத்துல பெரும்பங்கு இந்தத் தொடர்பறுந்த மெட்டல்தான், எஸ்இஐல போனது அதைவிடக் குறைவு. அதனால சால்வென்ட் உடையுறது பெரிய விஷயமில்லைன்னு சிலர் முடிவு கட்டினாங்க, எனக்கு அது சரியாப் படலை. லித்தியம் எப்படி வளரணும்னு தீர்மானிக்கிறதே அந்தப் படலம்தானே.

கூலாம்பிக் எஃபிஷியன்சி 99 சதவீதம்னா நல்லதுதானே?

கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க. எக்ஸ்ட்ரா லித்தியம் எதுவும் வைக்காத செல்லுல 0.99 ஐ 100 தடவை பெருக்கினா 0.37 வரும், நூறு சைக்கிள்ல மூணுல ரெண்டு பங்கு போச்சு. 99.9 ஆனா 100 சைக்கிளுக்கு அப்புறம் 90 சதவீதம் இருக்கும். 1000 சைக்கிள்ல 80 சதவீதம் மிஞ்சணும்னா 99.98 வேணும். தடிமனான லித்தியம் ஃபாயில் போட்டு டெஸ்ட் பண்ணா இது எதுவுமே வெளிய தெரியாது, தொலைஞ்சதை ஃபாயில் ஈடு கட்டிக்கிட்டே இருக்கும்.

ஈதர் சால்வென்ட் உடையாதுன்னு சொல்றாங்களே?

கம்மியா உடையும். டைமெத்தாக்சி ஈத்தேன், டயாக்சோலேன் இதுகள்ல கார்பனைல் குரூப் இல்ல, எலக்ட்ரான் வந்து உக்காரத் தோதான இடம் இல்ல. டயாக்சோலேன் கொஞ்சம் பாலிமரா மாறி வளைஞ்சு கொடுக்குற படலத்தைத் தரும், லித்தியம் சல்ஃபர் பேட்டரில அது ரொம்ப உதவுது. ஆனா இந்தப் பக்கம் தப்பிச்சா அந்தப் பக்கம் மாட்டும், சாதாரண ஈதர்கள் 4 வோல்ட் பக்கத்துல கேத்தோடுல ஆக்சிடைஸ் ஆக ஆரம்பிச்சுடும். அதனால நிக்கல் அதிகமுள்ள கேத்தோடோட அப்படியே போட முடியாது.

உப்பை மாத்தினா சால்வென்ட் உடையுறது எப்படிக் குறையும்? ரெண்டும் வேற வேற இல்லையா?

இல்ல, அயனியைச் சுத்தி யார் நிக்குறாங்கங்குறதுதான் விஷயமே. ஒரு லிட்டருக்கு 1 மோல் கரைசல்ல லித்தியம் அயனியைச் சுத்தி சராசரியா நாலு சால்வென்ட் மூலக்கூறு நிக்கும், எதிர் அயனி (உப்போட மைனஸ் சார்ஜ் உள்ள பாதி) தூரத்துல இருக்கும். மெட்டல் பக்கம் அயனி வரும்போது சால்வென்ட்டையும் கூட்டிட்டு வரும், அதனால முதல்ல உடையுறது சால்வென்ட். உப்பை ஏத்திக்கிட்டே போனா சால்வென்ட் பத்தாது, எதிர் அயனியே உள்ள வந்து லித்தியத்தை ஒட்டிக்கும். அப்போ முதல்ல உடையுறது எதிர் அயனி, லித்தியம் பிஸ் ஃப்ளூரோசல்ஃபோனைல் இமைடு மாதிரி உப்பா இருந்தா லித்தியம் ஃப்ளூரைடு, லித்தியம் ஆக்சைடு, கந்தகம், நைட்ரஜன் கலந்த கனிமப் பொருட்கள் நிறைஞ்ச படலம் வரும். சால்வென்ட் துண்டுகளால ஆன படலத்தை விட அது இறுக்கமா நிக்குது.

2015ல பசிஃபிக் நார்த்வெஸ்ட் நேஷனல் லேப் குழு இந்த உப்பை டைமெத்தாக்சி ஈத்தேன்ல 4 மோலார் அளவுல கரைச்சு 99.1 சதவீதம் வரைக்கும் எஃபிஷியன்சி காட்டினாங்க. ஆனா அவ்ளோ உப்புன்னா திரவம் பாகு மாதிரி ஆகிடும், ரெண்டு எலக்ட்ரோடுக்கும் நடுவுல இருக்குற செப்பரேட்டர்ல இறங்காது, செலவும் அதிகம். அதுக்கு வழியா லித்தியத்தைப் பிடிக்கவே பிடிக்காத ஃப்ளூரினேட்டட் ஈதரைக் கலந்து மெலிய வைக்குற முறை வந்தது. மொத்தமா பாத்தா உப்பு கம்மி, ஆனா அயனிக்குப் பக்கத்துல மட்டும் அதே நெருக்கம். என்னைக் கேட்டா இந்தத் துறையில வந்த ரொம்ப அழகான யோசனைகள்ல இது ஒண்ணு.

லித்தியம் நைட்ரேட்டும் இதே குடும்பம்தான், அது சால்வென்ட்டுக்கு முன்னாடி ரிடக்ஷன் ஆகி லித்தியம் நைட்ரைடு, ஆக்சிநைட்ரைடு வகைப் படலம் கொடுக்கும். ஈதர்ல நல்லா கரையும், கார்பனேட்ல கரையவே மாட்டேங்கும்.

எஃப்இசி கொஞ்சம் சேர்த்தா ஏன் இவ்ளோ வித்தியாசம்?

எஃப்இசின்னா ஃப்ளூரோ எத்திலீன் கார்பனேட், ஈசியோட தம்பி, ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலா ஃப்ளூரின். ஃப்ளூரின் எலக்ட்ரானை இழுக்குறதால ஈசிக்கு முன்னாடியே உடையும், லித்தியம் ஃப்ளூரைடும் பாலிமரும் கொடுக்கும். வேணும்னே முன்னாடி நிறுத்துன பலியாடுன்னு வச்சுக்கோங்க. பலியாடுங்குறதால ஒவ்வொரு சைக்கிளும் கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துகிட்டே வரும், தீர்ந்த அன்னைக்கு செல் திடீர்னு விழும். வினைலீன் கார்பனேட்டும் இதே மாதிரி, அதுல பாலிமர் இன்னும் அதிகம்.

லித்தியம் ஃப்ளூரைடைப் பத்தி ஒரு வார்த்தை. அதைக் கண்டாலே நல்ல எஸ்இஐன்னு எழுதிடுறாங்க. எலக்ட்ரானை நல்லா தடுக்கும், சுலபமா கரையாது, சரி, ஆனா தனியா எடுத்தா அது லித்தியம் அயனியை ரொம்ப மோசமாத்தான் கடத்துது. அது எங்க, எந்த வடிவத்துல இருக்குன்னு பாக்காம அளவை மட்டும் சொல்றதுல எனக்கு நம்பிக்கை இல்ல.

எல்யூஎம்ஓ ஆற்றலைக் கணக்குப் போட்டே சால்வென்ட்டைத் தேர்வு பண்ணலாமா?

எல்யூஎம்ஓன்னா மூலக்கூறுல காலியா இருக்குற எலக்ட்ரான் நிலைகள்ல ஆற்றல் ரொம்பக் குறைஞ்சது, புதுசா வர்ற எலக்ட்ரான் அங்கதான் உக்காரும். சல்லடையா வச்சுக்கலாம், தீர்ப்பா வச்சுக்காதீங்க. தனியா ஒரு மூலக்கூறோட எல்யூஎம்ஓவும் கரைசல்ல நடக்குற ரிடக்ஷன் பொட்டன்ஷியலும் ஒண்ணு கிடையாது. லித்தியம் அயனி ஒட்டியிருக்கா, பக்கத்துல எதிர் அயனி இருக்கா, பாண்டு அறுந்தா என்ன ஆகும், எல்லாம் சேர்ந்துதான் முடிவு வரும்.

கடிகாரத்துல போடுற காயின் செல்லுலயும் லித்தியம் மெட்டல்தான், அது மட்டும் எப்படி வருஷக்கணக்கா தாங்குது?

அது ஒரு வழிப் பாதை. சிஆர் 2032 மாதிரி செல்லுல லித்தியம் கரையும், திரும்பப் படியவே படியாது, புது மேற்பரப்பு வளராது. முதல்ல உருவான படலம் நின்னா போதும். தயோனைல் குளோரைடு செல்லுல சால்வென்ட்டே கேத்தோடாவும் இருக்கு, லித்தியம் மேல லித்தியம் குளோரைடு படிஞ்சு பூட்டிடும், அதனாலதான் ரொம்ப நாள் சும்மா கிடந்த செல்லை எடுத்துப் போட்டா முதல் சில நொடி வோல்டேஜ் கீழ இறங்கி அப்புறம் ஏறுது, படலம் கரைஞ்சு வழி விட நேரம் எடுக்குது.

ரீசார்ஜ் செல்லை சும்மா வச்சிருந்தா உடையாதுல்ல?

உடையும். ஸ்டான்ஃபோர்ட் குழு 2021ல பல எலக்ட்ரோலைட்டுகள்ல பாத்தப்போ, புதுசா படிய வச்ச லித்தியம் 24 மணி நேரம் சும்மா இருந்தாலே 2, 3 சதவீதம் போயிடுதுன்னு கண்டாங்க. படலம் திரவத்துல ஊறி உப்புது, கொஞ்சம் கரையுது, எலக்ட்ரான் மெல்லக் கசியுது. பாசி மாதிரி வளர்ந்த லித்தியத்துல பரப்பளவு அதிகம்ங்குறதால இழப்பும் அதிகம்.

தண்ணி ஒரு துளி இருந்தா என்ன?

லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் உப்பு கொஞ்சம் கொஞ்சமா லித்தியம் ஃப்ளூரைடு, பாஸ்பரஸ் பென்டாஃப்ளூரைடுன்னு பிரியும். பென்டாஃப்ளூரைடு தண்ணியோட சேர்ந்தா ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும். அது எஸ்இஐல இருக்குற லித்தியம் கார்பனேட்டைத் தின்னு லித்தியம் ஃப்ளூரைடு, கார்பன் டையாக்சைடு, கூடவே மறுபடி தண்ணியைக் கொடுக்கும். தண்ணி திரும்ப வர்றதுதான் வில்லங்கம், ஒரு தடவை வினை நடந்ததும் அது தீர்ந்து போறதில்ல.

செல் உப்புறதும் தீப்பிடிக்கிறதும் இதனாலதானா?

உப்புறதுல பெரும்பங்கு இதுதான், எத்திலீன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் பவுச் செல்லுக்குள்ள (பை மாதிரி உறை போட்ட செல்) அடைஞ்சு கிடக்கும், அதுல பலது எரியக் கூடியது. சூடு ஏறினா இன்னொண்ணும் நடக்கும், 80லிருந்து 120 டிகிரி செல்சியஸுக்குள்ள எஸ்இஐயோட ஆர்கானிக் பாகம் சிதைஞ்சு வெப்பத்தை விடும், வெறுமையான லித்தியம் மேல சால்வென்ட் திரும்பப் பாயும், வெப்பம் கூடும், 180.5 டிகிரில லித்தியமே உருகிடும். 1989ல கனடாவோட மோலி எனர்ஜி லித்தியம் மெட்டல் செல்கள் ஃபோன்ல தீப்பிடிச்சு திரும்பப் பெறப்பட்டதுக்கு அப்புறம்தான் தொழில்துறை கார்பன் ஆனோடு பக்கம் வேகமா சாய்ஞ்சது, 1991ல சோனி லித்தியம் அயன் செல்லை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இத்தனூண்டு படலத்துல என்ன இருக்குன்னு எப்படித் தெரியுது?

எக்ஸ் கதிரை அடிச்சு வெளிய வர்ற எலக்ட்ரானோட ஆற்றலை அளக்குற எக்ஸ்பிஎஸ் கருவில கார்பனேட் கார்பன் 290 எலக்ட்ரான் வோல்ட் பக்கம், லித்தியம் ஃப்ளூரைடோட ஃப்ளூரின் 685 பக்கம் தெரியும். ஆழம் பாக்க ஆர்கான் அயனியால சுரண்டுவாங்க, அந்தச் சுரண்டலே சில பொருளை உடைச்சுடும். டைமெத்தில் கார்பனேட் விட்டுக் கழுவினா கரையுற பாகம் போயிடும், கழுவலைன்னா காய்ஞ்ச உப்பு மேல நிக்கும். வாயுக்களை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல நேரலையா பாக்கலாம். 2017க்கு அப்புறம் கிரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்து நிலைமையே மாறிடுச்சு, உறைய வச்சுப் பாக்குறதால லித்தியமும் படலமும் எலக்ட்ரான் கதிர்ல உருகாம அணு அளவு வரைக்கும் தெரியுது.

சாலிட் எலக்ட்ரோலைட் போட்டா சால்வென்ட் பிரச்சனையே போயிடும்ல?

சால்வென்ட் போயிடும், ரிடக்ஷன் போகாது. சல்ஃபைடு வகை சாலிடுகள் லித்தியத்தைத் தொட்டா லித்தியம் சல்ஃபைடு, லித்தியம் பாஸ்பைடுன்னு உடையும், டைட்டானியம் உள்ள பாஸ்பேட் வகைகள்ல டைட்டானியம் ரிடக்ஷன் ஆகி படலமே எலக்ட்ரானைக் கடத்த ஆரம்பிச்சுடும், அது நிக்கவே நிக்காது. கார்னெட்னு சொல்ற ஆக்சைடு வகை ஓரளவு தாங்கும்.

புது எலக்ட்ரோலைட் பத்தி ஒரு பேப்பர் படிக்கிறேன், முதல்ல எதைப் பாக்கணும்?

மூணு நம்பர். லித்தியம் ஃபாயில் எவ்ளோ தடிமன், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்ளோ கெப்பாசிட்டி, ஒரு ஆம்பியர் மணிக்கு எத்தனை கிராம் எலக்ட்ரோலைட். நிஜ பவுச் செல்லுல கடைசி நம்பர் 3 கிராம் பக்கத்துல இருக்கணும். காயின் செல்லுல தாராளமா ஊத்திட்டு, 1 மில்லி ஆம்பியர் மணிக்குக் கீழ ஓட்டினா சால்வென்ட் உடைஞ்சுகிட்டே இருந்தாலும் தீராது, கிராஃப் நேர்கோடா போகும். அதே கரைசலைக் கம்மியா ஊத்தி ஓட்டின டேட்டா பேப்பர்ல இருக்கான்னு தேடுங்க, பின்னிணைப்புல ஒளிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, செல் எத்தனாவது சைக்கிள்ல காய்ஞ்சதுங்குறது அதுலதான் இருக்கும்.